ஐந்து மூக்குகளில் ஒன்று

விண்கலத்தில் சன்னலைத் திறக்க முடியாது. மூக்கரின் பிழைப்பு முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தின்மேல் நின்றது.

வீட்டில் பால் தீய்ந்தால் கதவைத் திறந்து வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கிறோம். புது நாற்காலியின் நெடி பிடிக்கவில்லையென்றால் இரண்டு நாள் வெயிலில் போடுகிறோம். வானில் சுற்றும் அடைத்த பெட்டிக்குள் ஆறு பேர் மாதக்கணக்கில் குடியிருக்கும்போது அது நடவாது. இருக்கை உறையின் பசை, கம்பியின் மேற்பூச்சு, எழுதுகோலின் மை, காலுறையின் நூல் என ஒவ்வொன்றும் தன் நெடியைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கசிந்துகொண்டே இருக்கும். அந்த நெடிக்குப் போக்கிடம் கிடையாது. உள்ளே இருப்பவர்களுக்கும் கிடையாது. முதலில் தலை வலிக்கும், பிறகு சோறு இறங்காது, கடைசியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே பிடிக்காமற்போகும். ஆகையால் கலத்துக்குள் போகும் எந்தப் பொருளும் முதலில் ஐந்து மனிதர்களின் மூக்கைக் கடந்தாக வேண்டும். நஞ்சைக் கருவிகள் கண்டுபிடித்துவிடும். வெறுப்பைக் கண்டுபிடிக்க மனித மூக்கை விட்டால் வேறு வழியில்லை.

அந்த ஐந்து மூக்குகளில் ஒன்று அவருடையது. ஆராய்ச்சி மையத்தின் கிடங்கில் பெட்டி தூக்கும் ஆளாக வேலைக்குச் சேர்ந்தவர், ஒருநாள் சுவரைக் காட்டி, உள்ளே ஏதோ கருகுகிறது என்றார். புகையில்லை, சூடில்லை. மற்றவர்கள் சிரித்தார்கள். சுவரைப் பிளந்து பார்த்தபோது மின்கம்பி உருகிக்கொண்டிருந்தது. அன்று கிண்டலாக வைத்த 'மூக்கர்' என்ற பெயர், ஆண்டுகள் போகப்போக, வாசலில் நிற்கும் காவலாளி முதல் மேலதிகாரிவரை வணக்கத்தோடு சொல்லும் பெயராயிற்று.

மோப்ப அறை மையத்தின் கடைசிக் கட்டடத்தில் இருந்தது. சுவருக்கு வர்ணம் கிடையாது, தரைக்கு விரிப்புக் கிடையாது, நாற்காலிகள் வெறும் இரும்பு. சோதிக்க வேண்டிய பொருளைக் கண்ணாடிச் சாடியில் அடைத்து இளஞ்சூட்டில் வைத்திருந்து, அதிலிருந்து காற்றை ஊசிக்குழாயால் இழுத்து, ஒவ்வொருவர் முகமூடிக்குள்ளும் செலுத்துவார்கள். முகர்ந்தவர் பக்கத்திலிருப்பவர் முகத்தைப் பாராமல் ஒரு சீட்டில் மதிப்பெண் எழுத வேண்டும். ஒன்றும் தெரியவில்லையென்றால் பூஜ்யம். எழுந்து ஓடத் தோன்றினால் நான்கு. ஐவரின் சராசரி இரண்டரையைத் தாண்டினால் அந்தப் பொருள் எவ்வளவு விலையுயர்ந்ததானாலும் வானம் காணாது.

ஒரு பொருளுக்கும் அடுத்த பொருளுக்கும் நடுவே அவர்கள் செய்யும் காரியத்தைப் புதிதாகப் பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் கையை மடக்கித் தத்தம் முழங்கை மடிப்பில் மூக்கைப் புதைத்துக்கொண்டு மூச்சு விடுவார்கள். அவரவர் உடம்பின் வாசனை அவரவர்க்குத் தெரியாது. அதில் சற்று நேரம் இளைப்பாறினால் மூக்கு பழையபடி வெறுமையாகிவிடும். தன் உடம்புதான் தனக்குப் பூஜ்யம். இது அந்த அறையின் முதற்பாடம்.

அந்தப் பூஜ்யத்தைக் காப்பாற்றுவதற்காக மூக்கரின் வீடே ஒரு துறவு பூண்டிருந்தது. மணமுள்ள சோப்பு, பவுடர், தைலம், தரை துடைக்கும் வாசனை நீர் எதுவும் வாசற்படி தாண்டக் கூடாது. மணமாகி வந்த புதிதில் மனைவி கொண்டுவந்த பெட்டியைத் திறந்தபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்து, உள்ளிருந்த ரோஜா சோப்புகளையெல்லாம் அவள் மறுவாரமே தங்கைக்குக் கொடுத்தனுப்பினாள். பிள்ளைகள் இல்லாத வீடு. சண்டைக்கும் சமாதானத்துக்கும் அவர்கள் இருவர்தாம். வானத்திலிருந்து யாராவது திரும்பி வந்து, மேலே வாசனையே இல்லாமல் தவித்துப்போனதாகத் தொலைக்காட்சியில் சொன்னால், அவள் அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பாள்:

"அவங்க ஆறு மாசந்தாங்க அப்படி இருந்தாங்க. நான் கல்யாணம் ஆனதுலேருந்து இருக்கேன். எனக்கு யாரு மாலை போடுறது?"

அவர் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டுவார். அவளுக்குப் பதில் சொல்லி மீண்டவரில்லை.

மனிதன் வானேறிய கதையில் மூக்கருக்கு ஓயாத பற்று. நிலவில் மனிதர் நடந்தபோது அவர் பிறக்கவில்லை. பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டியிருந்த மங்கிய படத்தில்தான் அதைப் பார்த்தார். மனிதனுக்கு முன்னே ஒரு நாயை அனுப்பினார்கள் என்பதைப் படித்தபோது, பெருமையும் துக்கமும் சேர்ந்தே வந்தன. "நம்ம தொழில்ல மூத்தவங்க அதுதான். திரும்பி வரல பாவம்" என்று மோப்ப அறையில் சொல்லுவார். அதன் பிறகு ஒரு மனிதன் உலகை ஒருமுறை வலம்வந்து இறங்கினான்; பின்பு நிலவு; பின்பு நூற்றுக்கணக்கானோர் மாறி மாறித் தங்கும் விண்வெளிச் சுற்றுவீடுகள். இவையெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தவை. மூக்கர் தேடியது வேறு. நிலவிலிருந்து கலத்துக்குள் திரும்பியவர்கள், உடையில் ஒட்டிய தூசி வெடித்து ஓய்ந்த பட்டாசு மருந்துபோல் மணத்தது என்றார்கள். சுற்றுவீட்டுக்கு வெளியே மிதந்து வேலை செய்துவிட்டு உள்ளே வந்தவர்கள், கவசத்திலிருந்து சூட்டில் காய்ந்த இரும்பின் வாடை வருகிறது என்றார்கள். மையத்துக்கு எந்தப் பயணி வந்தாலும் மூக்கர் ஓரமாக நின்று அந்த ஒரு கேள்வியைத்தான் கேட்பார். வெளியே என்ன வாசனை?

முன்னோர் வகுத்த ஐம்பூதக் கணக்கில் நிலத்துக்கு ஐந்து குணம். நீருக்கு நான்கு, தீக்கு மூன்று, காற்றுக்கு இரண்டு, வானுக்கு ஓசை ஒன்றே. மேலே போகப்போக ஒவ்வொன்றாகக் கழன்றுவிட, மணம் என்பது மண்ணோடு நின்றுவிடுகிறது. வானுக்குப் போகிறவன் முதலில் இழப்பது மணத்தைத்தான். அப்படியிருக்க அந்த வெறுமையிலிருந்து ஒரு வாடையை உடையில் ஏந்தி வருகிறார்களென்றால், அது எப்படிப்பட்டதாக இருக்கும்? இந்த ஆசை மூக்கருக்குள் ஒரு தீராக் கடன்போல் கிடந்தது.

ஆசைக்கு அருகே போக ஒரே ஒரு வழி இருந்தது. கலம் முழுதும் ஆயத்தமானபின், பயணிகள் ஏறுவதற்கு முன்னால், மோப்ப அறையின் மூத்தவர் ஒருவர் மட்டும் வெறுங்காலோடு உள்ளே போவார். கதவைச் சாத்திவிடுவார்கள். தனித்தனியே தேறிய பொருள்கள் கூட்டாக என்ன மணக்கின்றன என்று அந்த அடைப்புக்குள் உட்கார்ந்து அவர் பார்க்க வேண்டும். வெளியே வந்து "மூடலாம்" என்று அவர் சொன்னால்தான் கலத்தை முத்திரையிடுவார்கள். முன்பிருந்த மூத்தவர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். அவருக்குப்பின் மூத்தவர் மூக்கர். அடுத்து முத்திரை காணப்போகும் கலமோ சாதாரணக் கலமன்று. செந்நிறக் கோளுக்குப் போய் மீள்வதற்கு ஆண்டுகள் பிடிக்கும் முதல் நெடும்பயணக் கலம். அதற்குள் உட்காரும் நாளுக்காகவே தம் மூக்கைத் தாம் சுமந்து வந்ததாக மூக்கர் எண்ணினார்.

அந்த நேரத்தில்தான் காய்ச்சல் வந்தது.

நான்கு நாள் படுத்தெழுந்தார். உடம்பு தேறிவிட்டது. ஐந்தாம் நாள் காலை அடுப்புக்கு எதிரே உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தபோது, மனைவி மாடியிலிருந்து ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். பால் வற்றி, கரிந்து, பாத்திரத்தின் அடி கறுத்திருந்தது. அறை முழுக்கப் புகை.

"மொட்டை மாடி வரைக்கும் வருதுங்க தீயுற வாடை. நீங்க இங்கயே உக்காந்திருக்கீங்க?"

ஏதோ யோசனை என்றார் அவர். அவள் அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டுப் பாத்திரத்தைத் தேய்க்கப் போய்விட்டாள். அவர் எழுந்து சமையலறை அலமாரியில் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து முகர்ந்தார். மிளகு இல்லை. காப்பித்தூள் இல்லை. மண்ணெண்ணெய்ப் புட்டியைத் திறந்து மூக்கருகே பிடித்தபோது, தண்ணீரைப் பிடித்ததுபோல் இருந்தது. உலகம் அப்படியே இருந்தது. அதற்கு முன்னால் ஒரு கண்ணாடிச் சுவர் எழுந்துவிட்டது.

அன்றே சொல்லியிருக்கலாம். மையத்தின் வழக்கம் அப்படித்தான். சளி என்றாலும் சொல்லிவிட்டு வீட்டிலிருக்க வேண்டும். ஆனால் சொன்னால் மூக்கை மறுபடி சோதிப்பார்கள். குணமாகாவிட்டால் பட்டியலிலிருந்து பெயர் போகும். கலத்தின் கதவு இன்னொருவருக்குத் திறக்கும். பத்து நாளில் திரும்பிவிடும், யாருக்கும் தெரிய வேண்டியதில்லை என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். சோதனைக்கு முன் வழக்கம்போல் மையத்தின் செவிலி வந்து விளக்கடித்து மூக்கையும் தொண்டையையும் பார்த்தாள். வீக்கமில்லை, சிவப்பில்லை. உள்ளே இருக்கும் சூனியம் விளக்குக்குத் தெரியாது.

அந்த வாரம் வந்த சோதனைப் பொருள், நெடும்பயணக் கலத்தின் உறங்குமிடத்துக்கான மெத்தைப் பஞ்சு. முகமூடிக்குள் காற்று வந்தது. மூக்கருக்குக் காற்று வந்ததுதான் தெரிந்தது. பஞ்சு என்றால் பெரும்பாலும் ஒன்றுதான் வரும் என்பது அவருடைய பழைய அனுபவம். ஒன்று என்று எழுதினார். முழங்கையில் மூக்கைப் புதைத்தார். மாலையில் முடிவு வந்தது. பஞ்சு மயிரிழையில் தேறியிருந்தது.

மயிரிழையில் என்றால் மற்ற நால்வரும் அதிகமாகப் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். அதை உணர்ந்த பிறகு அவருக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. சோறும்தான் ருசியற்றுக் கிடந்தது.

வீட்டிலோ அதற்கு நேர்மாறாக ஒரு மலர்ச்சி. மனைவி வழக்கத்தைவிட நெடுநேரம் குளித்தாள். குளியலறையிலிருந்து முணுமுணுப்பாகப் பாட்டுக்கூடக் கேட்டது. தலையைத் துவட்டியபடி வந்து அவருக்கு அருகில், வேண்டுமென்றே நெருங்கினாற்போல், உட்காருவாள். அவர் முகத்தையே பார்ப்பாள். பிறகு எழுந்து போய்விடுவாள். ஒரு நாள் அவள் கண் கலங்கியிருந்ததுபோல் பட்டது. கேட்டதற்கு, சோப்பு பட்டுவிட்டது என்றாள்.

மறு வாரம் நெடும்பயணத்தில் போகவிருக்கும் மருத்துவர் மோப்ப அறைக்கு வந்தாள். நாற்பதைக் கடந்த, கூர்மையான, எளிதில் சிரிக்கிற பெண். சுற்றுவீட்டில் முன்பு ஒருமுறை தங்கிவந்தவள். இரும்பு காய்ந்த வாடையைப் பற்றி மூக்கருக்கு முதன்முதல் விவரமாகச் சொன்னவளும் அவளே. இரும்பை இரும்போடு பற்றவைக்கும் பட்டறையில் நுழைந்தால் வரும் வாசனை, அதில் லேசாக ஒரு தித்திப்பு, என்று அன்று சொல்லியிருந்தாள். இப்போது ஐவருக்கும் நன்றி சொல்ல வந்திருந்தாள். சுற்றுவீட்டில் ஒரு பையின் உட்புறப் பசை நாறித் தான் மூன்று வாரம் தூக்கம் கெட்டதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அப்போது கீழே இறங்கி வரலாம் என்ற தைரியமாவது இருந்ததாம்.

"இந்தத் தடவை பாதி வழியில பஸ்ஸை நிறுத்தி இறங்க முடியாது. தலை வெக்கிற இடம் நல்லா இருந்தாப் போதும், மத்ததெல்லாம் சகிச்சுக்கலாம்" என்றவள் மூக்கரைப் பார்த்து, "நீங்க உள்ள உக்காந்து பாத்துட்டு சொல்லப்போறீங்கன்னாங்க. அதுவே எனக்குப் பாதித் தூக்கம், அண்ணே" என்றாள்.

வழக்கமான கேள்வியை அன்று மூக்கர் கேட்கவில்லை.

அடுத்த சோதனை நாள் வந்தது. அலமாரியைத் திறந்து, மடித்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையை எடுத்து உடுத்திக்கொண்டு போனார். மோப்ப அறைக்குள் அவர் கால் வைத்ததும் பேச்சு நின்றது. அவருக்கு அடுத்த இருக்கையில் அமர்பவளுக்கு எலுமிச்சை என்று பட்டப்பெயர். சேர்ந்த புதிதில் எதை முகர்ந்தாலும் எலுமிச்சை வாடை என்று சொல்லிக்கொண்டிருந்ததால் வந்த பெயர். இன்று அவள் மூக்கு தப்பாது. அவள் எதையோ சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டாள். மற்ற மூவரும் சாடியைப் பார்த்தார்கள், சுவரைப் பார்த்தார்கள். மூக்கருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

முதல் பொருள் முடிந்தது. வழக்கம்போல் கையை மடக்கி, சட்டையின் முழங்கை மடிப்பில் மூக்கை வைத்து, கண்ணை மூடி, ஆழமாக இழுத்து நிம்மதியாக மூச்சுவிட்டார். கண் திறந்தபோது அறையில் வேறு யாரும் முழங்கையை மடக்கியிருக்கவில்லை. நால்வரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எலுமிச்சைதான் மெதுவாகச் சொன்னாள். "அண்ணே, உங்க சட்டை பூரா ரோஜா சோப்பு வாசனை. வாசல்ல நுழையும்போதே தெரிஞ்சுது."

அவர் தம் கையைப் பார்த்தார். ஏதோ கண்ணால் கண்டுகொள்ளக் கூடிய பொருள் அங்கே இருப்பதுபோல் பார்த்தார். பிறகு இன்னொரு முறை முழங்கையை மூக்கருகே கொண்டுபோனார்; அந்தச் செய்கையைத்தான் அவர்களால் பார்த்துத் தாங்க முடியவில்லை. எலுமிச்சை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அறைத் தலைவியை அழைத்தார்கள். அதிகம் பேசாத, நேர்மையான அதிகாரி. அவள் வருவதற்குள் எலுமிச்சை குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி, "சளி பிடிச்சிருக்குன்னு சொல்லிடுங்க. நேத்து ராத்திரிதான் பிடிச்சுதுன்னு. மூணு நாள் ஓய்வெடுத்துட்டு வாங்க, எல்லாம் சரியாயிடும்" என்றாள்.

அன்பில் வந்த யோசனை அது. தலைவி வந்து, என்னவாயிற்று என்று கேட்டபோது மூக்கரின் நாக்கு நுனியில் அந்தச் சளி இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் அன்றைய சோதனை ஒன்று மட்டும் வீணாகியிருக்கும். கலத்தின் கதவு அவருக்காகவே காத்திருந்திருக்கும். அதே கலத்துக்குள் அந்தப் பஞ்சும் போயிருக்கும். அதன்மேல் ஒருத்தி தலைவைத்து, இறங்க வழியில்லாத பாதையில் ஆண்டுக்கணக்கில் விழித்திருப்பாள்.

"காய்ச்சல் வந்ததுலேருந்தே தெரியலைங்க மேடம்" என்றார். "மெத்தைப் பஞ்சுக்கு ஒண்ணு போட்டது நான் மோந்து போட்டதில்ல. நினைப்புல போட்டது. அதை எடுத்துடுங்க."

 தலைவி, "நீங்க இப்பப் பொய் சொல்லல. ஆனா அப்பவே சொல்லவும் இல்ல" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அந்த வாக்கியத்தைத் தூக்கிக்கொண்டு வீடுவரை நடப்பது கடினமாக இருந்தது.

வீட்டில் மனைவி அவர் முகத்தைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். நடந்ததைச் சொன்னார். ரோஜா சோப்பு என்ற சொல் வந்ததும் அவள் எழுந்து அலமாரியைத் திறந்தாள். அவருடைய வெள்ளைச் சட்டைகளின் அடுக்குக்குப் பின்னால், காகிதம் பாதி பிரிந்த ஒரு சோப்புக் கட்டி இருந்தது.

பால் தீய்ந்த அன்றே அவளுக்குச் சந்தேகம். உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு சோப்பு வாங்கிக் குளித்துப் பார்த்தாளாம். அவர் அருகில் வந்து உட்கார்ந்தும் அவர் நிமிரவில்லை. அன்றைக்கு அவளுக்கு இரண்டும் ஒன்றாக வந்தன: கல்யாணத்துக்கு முந்தைய பெண்ணாகத் திரும்பிய சந்தோஷம்; அந்தச் சந்தோஷம் எதனால் கிடைத்தது என்று நினைத்தபோது வந்த அழுகை. நீங்களாகச் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன் என்றாள். காத்திருந்த நாளெல்லாம் குளிப்பதை நிறுத்தவும் மனம் வரவில்லை என்றும் ஒளிக்காமல் சொன்னாள்.

"அதுக்கு என் சட்டைக்குப் பின்னாடியா வெப்பே? அடைச்ச பெட்டிக்குள்ள ஒரு பொருளை வெச்சா என்ன ஆகும்னு இத்தனை வருஷமா இந்த வீட்ல நான் பேசாத நாள் உண்டா?"

"கேட்டுட்டுத்தானே இருந்தேன்" என்றாள் அவள் தலையைக் குனிந்துகொண்டு. "மேல போறவங்களுக்குத்தான் அதெல்லாம்னு நினைச்சேன். நம்ம அலமாரிக்கும் உண்டுன்னு தோணல."

அவருக்குச் சிரிப்பு வந்தது. வரக் கூடாத நேரத்தில் வந்த சிரிப்பு. அடக்க அடக்கப் பெருகியது. அவளும் சேர்ந்துகொண்டாள். சிரித்து முடித்தபோது இருவருமே கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவள் சோப்பைக் குப்பையில் போட எடுத்தாள். அவர் அதை வாங்கிக் குளியலறையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

மெத்தைப் பஞ்சை மறுபடி ஐந்து மூக்குகளிடம் கொடுத்தார்கள்; அவருடைய இடத்தில் புதிதாக ஒருவர் உட்கார்ந்தார். இம்முறை அது தேறவில்லை. வேறு பஞ்சு வரவழைத்து, சோதித்து, தைத்து முடிக்க, முத்திரையிடும் நாள் சில வாரம் தள்ளிப்போயிற்று. அந்தத் தாமதத்துக்கு யாரும் அவரைக் குறை கூறவில்லை, யாரும் பாராட்டவுமில்லை. அவருக்குப் பழைய கிடங்கிலேயே ஒரு மேசை கொடுத்தார்கள். பெட்டிகள் வந்தன, போயின. காவலாளி மட்டும் மாறாமல் மூக்கரே என்று அழைத்தான். அழைத்துவிட்டு அவனே சங்கடப்படுவான்.

முத்திரையிடும் நாளன்று, இப்போது அறையின் மூத்தவளாகிவிட்ட எலுமிச்சை கிடங்குக்கு வந்து அவரைக் கையோடு அழைத்துப்போனாள். உள்ளே போகிறவர் உடம்பிலுள்ள எல்லாவற்றையும் கழற்றி வெளியே நிற்கும் ஒருவர் கையில் கொடுக்க வேண்டும். அது யாராகவும் இருக்கலாம். அவள் கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் தலையிலிருந்த ஊசிகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மூக்கரின் உள்ளங்கையில் வைத்தாள்.

"எனக்குப் பயமா இருக்குண்ணே. எல்லாமே எலுமிச்சையா வந்துட்டா?"

"அப்ப எலுமிச்சைன்னே சொல்லு. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி மட்டும் சொல்லாதே" என்றார்.

கதவு சாத்தப்பட்டது. கதவிலிருந்த கையகலக் கண்ணாடி வழியே அவள் தெரிந்தாள்: அவர் உட்கார வேண்டிய இடத்தில், கால்களை மடக்கி, கண்களை மூடி. மூச்சு இழுக்கும்போது தோள் ஏறுவதும் இறங்குவதும் தெரிந்தது. வெளியே நின்ற மூக்கர், தம்மை அறியாமல் அவளோடு கூடவே மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். அவர் கைக்குள் ஊசிகள் குத்தின. கதவு திறந்ததும் அவள் தலைவியை நோக்கித்தான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் திரும்பி அவரைப் பார்த்து, "மூடலாம்" என்றாள்.

கலம் ஒரு தெளிந்த காலையில் புறப்பட்டது. மூக்கரும் மனைவியும் மாடியிலிருந்து பார்த்தார்கள். தொலைவில் ஒளி எழுந்தது, வெண்புகை நூலாய் நீண்டது, நெடுநேரங்கழித்து ஓசை வந்தது. நூல் காற்றில் கலைந்து வளைந்து இல்லாமற்போனபின்பும் அவர் நின்றுகொண்டிருந்தார். வெயில் ஏறுகிறது என்று அவள் கீழே போய்விட்டாள். குளிக்கும் சத்தம் கேட்டது.

அவர் இறங்கிவந்து செய்தித்தாளோடு உட்கார்ந்தார். சற்றுப் பொறுத்து ஏதோ ஒன்று அவரை நிமிரச் செய்தது. இன்னதென்று உடனே புரியவில்லை. எங்கோ ஏதோ கருகுகிறது. எழுந்து அடுப்பைப் பார்த்தார், அணைந்திருந்தது. சுவரோரமாக மின்கம்பி போகும் பாதையை முகர்ந்தபடி நடந்தார், அங்கு இல்லை. திரும்பியபோது வாடை வலுத்தது. காய்ந்த இரும்பு. இரும்பை இரும்போடு பற்றவைக்கும் பட்டறை. அதன் அடியில், லேசாக, ஒரு தித்திப்பு. குளியலறை வாசலில் மனைவி ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு நின்றாள்.

மூக்கு செத்துப் பிழைக்கும்போது இப்படித்தான் தடுமாறும் என்று மருத்துவமனையில் முன்பே சொல்லியிருந்தார்கள். பூவெல்லாம் கருகலாகத் தெரியலாம். சரியாக மாதங்கள் ஆகலாம், ஆகாமலும் போகலாம். அவர் அருகில் சென்று அவள் தோளருகே குனிந்து மூச்சை இழுத்தார். இன்னொரு முறை இழுத்தார்.

"தெரியுதா?" என்றாள் அவள். துவட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. "ரோஜா தெரியுதா?"

பொய் சொல்லலாம், ஒரு சொல்தான். அவள் அந்தச் சொல்லுக்குத் தகுந்தவள்.

"ரோஜா இல்லம்மா" என்றார். "ரொம்ப நாளா ஒரு வாசனையைப் பத்தி மேல போய்ட்டு வந்தவங்ககிட்டெல்லாம் கேட்டுட்டே இருப்பேன்ல, அது."

 அவள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அதுக்கு மார்க் எவ்வளவு?" என்று கேட்டாள்.

அவர் முழங்கையை மடக்கி, அந்த மடிப்பில் மூக்கைப் புதைத்து, வெறுமையாகும்வரை காத்திருந்தார். பிறகு மறுபடியும் அவள் தோளருகே குனிந்தார்.